வன்னிக்குப் புதிதாக வருவோருக்கு: வீட்டையும் வாகனத்தையும் திருட்டிலிருந்து காக்கும் வழிமுறைகள்

வன்னிக்குப் புதிதாகக் குடிவருவோர் பெரும்பாலும் இரண்டு வகையினர். ஆசிரியர் நியமனத்திலோ மருத்துவமனைப் பணியிலோ வங்கி இடமாற்றத்திலோ வந்து கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவு, வவுனியா போன்ற இடங்களில் வாடகை வீடு எடுப்போர் ஒரு வகையினர். நீண்ட காலம் வெளியில் வாழ்ந்துவிட்டுத் தமது பூர்வீகக் காணிக்குத் திரும்பி வீடு கட்டுவோர் மற்றொரு வகையினர். இரு பகுதியினருமே தாம் முன்பு வாழ்ந்த இடத்தின் பழக்கங்களோடுதான் வருகிறார்கள். யாழ்ப்பாணத்து ஒழுங்கை ஒன்றில் இரவில் நாய் விடாமல் குரைத்தால் நான்கு வீடுகளில் விளக்கு எரியும். வன்னியிலோ வீடு அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வளவின் நடுவில் இருக்கும். அடுத்த வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் இடையில் இரண்டு வேலிகளும் ஒரு தென்னந்தோட்டமும் இருக்கக்கூடும். மாரி மழை கொட்டும் கார்த்திகை இரவில் நீங்கள் கூப்பிடும் குரல் அங்கே கேட்காது.

ஆகவே இங்கே பாதுகாப்பு என்பது இரண்டு விடயங்களில் தங்கியிருக்கிறது. திருட வருபவர் உள்ளே நுழைவதற்கு நீண்ட நேரம் செலவிட வேண்டியிருக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் யாராவது ஒருவர் அதைக் கவனிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். விலையுயர்ந்த கமராவை வாங்குவதற்கு முன்பு, பணம் செலவாகாத காரியங்களைச் செய்து முடியுங்கள். பூட்டாத பின்கதவு, முற்றத்தில் கிடக்கும் அலவாங்கு, வண்டியிலேயே விட்ட திறப்பு ஆகியவை இருக்கும்வரை மற்ற ஏற்பாடுகளால் பெரிய பயன் கிடைக்காது.

குடிபுகும் வாரத்தில் செய்ய வேண்டியவை

வாடகை வீடாக இருந்தால், முதலில் பூட்டை மாற்றுங்கள். முன்பு குடியிருந்தவரிடமும், வீடு பார்த்தவரிடமும், வர்ணம் பூசியவரிடமும் திறப்பின் பிரதிகள் இருக்கக்கூடும். அவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல இதன் பொருள். அந்தத் திறப்புகள் இப்போது யார் கையில் இருக்கின்றன என்பது அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். முழுப் பூட்டையும் மாற்ற வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால், உள்ளே ஒரு தாழ்ப்பாளும் வெளியே உங்கள் சொந்த ஆமைப்பூட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக, கிராம அலுவலரைச் சந்தித்து உங்கள் குடும்ப விபரத்தைப் பதிவு செய்யுங்கள். வதிவிடச் சான்றிதழுக்கு இது எப்படியும் தேவைப்படும். அத்துடன், உங்கள் பகுதியில் அண்மையில் என்ன களவு போனது, எந்தப் பாதையில் விளக்கு இல்லை, சிவில் பாதுகாப்புக் குழு இயங்குகிறதா என்பவற்றை அவரிடமே கேட்டறியலாம். உங்கள் பகுதிக்குரிய பொலிஸ் நிலையத்தின் இலக்கத்தையும், நாடு முழுவதற்குமான 119 என்ற அவசர இலக்கத்தையும் வீட்டிலுள்ள அனைவருடைய தொலைபேசியிலும் பதிந்து வையுங்கள். முதியவர்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் அவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரிலும் ஒட்டுங்கள்.

இவற்றைவிட முக்கியமானது அயலவரின் உறவு. முன்வீட்டு அம்மாவிடமும் பக்கத்து வளவு ஐயாவிடமும் நீங்களாகவே போய், யார், எங்கே வேலை செய்கிறீர்கள், வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கு வழக்கமாக வருபவர் யார், எந்த வாகனம் உங்களுடையது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தால்தான், வழக்கத்துக்கு மாறான ஒன்றை அவர்களால் அடையாளம் காண முடியும். வன்னியில் நூறு யார் தூரத்தில் இருப்பவர்தான் அயலவர். அவரைத் தவிர வேறு காவல் உங்களுக்குக் கிடைக்காது. அவருடைய வீட்டில் நடக்கும் நன்மை தீமைகளில் நீங்களும் நிற்க வேண்டும்.

வீடு: பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது தலைவாசலில் தொடங்காமல் பின்பக்கத்தில் தொடங்குங்கள். போருக்குப் பின்னர் இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் 5,50,000 ரூபா மானியத்தில் கட்டப்பட்ட வீடுகளும், அதன் பிறகு வந்த ஏனைய திட்ட வீடுகளும் வன்னியெங்கும் இருக்கின்றன. கட்டுமானத்தின் கடைசிக் கட்டத்தில் கையிருப்புக் குறைந்துவிடுவதால், முன்கதவுக்கு நல்ல மரமும் குசினிக் கதவுக்குக் கிடைத்த பலகையும் போடப்பட்ட வீடுகளை இங்கே சாதாரணமாகக் காணலாம். முன்கதவில் மூன்று பூட்டுகளைப் போட்டுவிட்டுக் குசினிக் கதவை ஒரு சிறிய கொழுக்கியோடு விடுவதால் எந்தப் பயனுமில்லை.

கதவின் பிணைச்சல்கள் வெளிப்பக்கம் இருக்கின்றனவா, நாதாங்கியின் திருகாணிகள் வெளியே தெரிகின்றனவா என்று பாருங்கள். வெளியே தெரியும் திருகாணியை ஒரு ஸ்குரூ டிரைவரால் கழற்றிவிடலாம். பூட்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதைத் தொடவே தேவையில்லை. அவற்றை எடுத்துவிட்டு, தலைப்பகுதி வெளியிலும் நட் உட்பக்கத்திலும் வரும் போல்ட்களைத் தச்சரைக் கொண்டு போடுவியுங்கள். குறுகிய திருகாணிகளுக்குப் பதிலாக, நிலையின் மரத்துக்குள் ஆழமாக இறங்கும் நீளமான திருகாணிகளைப் பயன்படுத்தினால், கதவு தோளால் இடிப்பதற்கு எளிதில் இடம் கொடுக்காது. உட்பக்கமாகக் குறுக்கே போடும் இரும்புச் சட்டமும் மலிவான, நம்பகமான ஏற்பாடு. ஆனால் தீப்பிடித்தால் வீட்டிலுள்ள எவரும் இருட்டிலும் உடனே எடுக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

யன்னல்களுக்குக் கம்பி இருக்கிறது என்று திருப்தியடைய வேண்டாம். கம்பிச் சட்டம் சுவருக்குள் பதிக்கப்பட்டதா அல்லது மரநிலையில் வெளியிலிருந்து திருகப்பட்டதா என்பதுதான் கேள்வி. குளியலறையின் காற்றுத் துவாரத்தையும் ஓட்டுக் கூரையையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓட்டைக் கழற்றி இறங்குவதற்கு ஓர் ஆளுக்கு அதிக நேரம் வேண்டாம். நகையோ பணமோ வைக்கும் அறைக்கு மட்டுமாவது, ஓட்டுக்குக் கீழே இரும்பு வலை அடிப்பியுங்கள்.

வெக்கை காலத்தில், கச்சான் காற்று வீசும் மாதங்களில், யன்னலைத் திறந்து வைத்துத் தூங்காமல் இருக்க முடியாது என்பது இங்கே வாழும் எவருக்கும் தெரியும். கம்பி இருந்தாலும் நீண்ட தடியின் நுனியில் கொழுக்கியைக் கட்டி உள்ளே விட்டு, மேசையிலுள்ள தொலைபேசியையும் கைப்பையையும் ஆணியில் தொங்கும் காற்சட்டையையும் இழுத்தெடுப்பது பழைய முறை. திறப்புக் கோர்வை அந்தக் காற்சட்டைப் பையில் இருந்தால் மோட்டார் சைக்கிளும் சேர்ந்து போகும். ஆகவே யன்னலுக்கு நுளம்பு வலை அடியுங்கள். தடி எட்டும் தூரத்துக்குள் எதையும் வைக்காதீர்கள். இரவில் திறப்புகளை வைப்பதற்கு யன்னலிலிருந்து தெரியாத ஓர் இடத்தை ஒதுக்குங்கள். விறாந்தையில் படுப்பவர்கள் தலைமாட்டில் தொலைபேசியை மின்னேற்றுவதையும் தவிர்க்க வேண்டும்.

நகையை அலுமாரி லாச்சியிலும் சாமியறையிலும் அரிசிப் பானையிலும் ஒளித்து வைக்கும் வழக்கம் திருடர்களுக்கும் தெரிந்ததுதான். அன்றாடம் அணியாத நகைக்கு உரிய இடம் வங்கிப் பெட்டகம். அந்த வசதி உங்கள் கிளையில் இல்லாவிட்டால், சிறு தொகைக்கு வங்கியில் அடகு வைத்துப் பாதுகாப்பாக விடுபவர்களும் உண்டு. வட்டி செலவாகும் என்றாலும், தாய்வழி வந்த நகையை இழப்பதோடு ஒப்பிடும்போது அது பெரிய செலவல்ல என்பது என் கருத்து. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ் ஆகியவற்றை ஒளிப்படம் எடுத்து இன்னொருவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். போர்க்காலத்தில் ஆவணங்களை இழந்து, அவற்றை மீண்டும் பெற ஆண்டுக்கணக்கில் அலைந்த மக்களுக்கு இதன் அருமையை விளக்கத் தேவையில்லை.

கமரா பொருத்துவதானால், மின்தடை நேரத்திலும் இயங்கும் மின்கல வசதியுள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். பதிவுப் பெட்டியைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தால் அதையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் சூரியசக்தி விளக்குகள், மின்சாரம் நின்றாலும் எரியும் என்பதால், இங்கே கமராவைவிட அதிகம் உதவுகின்றன. வீட்டின் பின்புறத்துக்கு ஒன்று, கிணற்றடிக்கு ஒன்று, வாகனம் நிற்கும் இடத்துக்கு ஒன்று போதும்.

வளவும் தோட்டமும்

ஏணி, அலவாங்கு, மண்வெட்டி, கோடரி ஆகியவற்றை இரவில் வெளியே விட வேண்டாம். உங்கள் வீட்டை உடைப்பதற்கான ஆயுதத்தை நீங்களே வெளியே வைத்துக் கொடுத்ததாக அது முடியும். வேலி உயரமாகவும் அடர்த்தியாகவும் இருப்பது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். தெருவிலிருந்து வீட்டின் கதவு தெரியாதபடி தகரத்தால் அடைத்துவிட்டால், உள்ளே நுழைந்தவரையும் தெருவில் போகிறவர்கள் காண முடியாது. மார்பளவு உயரத்தில் உறுதியான கம்பிவேலியும், பூட்டக்கூடிய படலையும், யன்னல்களுக்கு அருகே வெட்டித் தாழ்த்திய செடிகளும் போதுமானவை.

விவசாயம் செய்வோருக்கு நீர் இறைக்கும் இயந்திரமே பெரிய கவலை. தோட்டக் கிணற்றடியிலோ வாய்க்கால் கரையிலோ இரவில் விட்ட இயந்திரத்தை இருவர் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய்விடலாம். முடிந்தவரை மாலையில் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். முடியாதபோது கொங்கிறீற் தளத்தில் இரும்பு வளையம் பதித்துச் சங்கிலியால் பூட்டுங்கள். இயந்திரத்தின் உடலில் உங்கள் அடையாள அட்டை இலக்கத்தை ஆழமாகப் பொறித்து, அந்த இடத்தையும் தொழிற்சாலை இலக்கத்தையும் ஒளிப்படம் எடுத்து வையுங்கள். பொறிப்பு இருக்கும் பொருளை விற்பது கடினம். கண்டுபிடிக்கப்பட்டாலும் அது உங்களுடையது என நிறுவ வேறு வழி தேவைப்படாது. உழவு இயந்திரத்தின் பற்றறிக்கு இரும்புப் பெட்டியும் பூட்டும் போடுங்கள். பெரும்போக அறுவடைக்குப் பின்னர் நெல் மூட்டைகளை வீதியோரம் காயவிடும் நாட்களில், இரவுக் காவலை அயல் விவசாயிகளோடு முறைவைத்துச் செய்வது நல்லது. மாடுகளுக்குக் குறியும் காது இலக்கமும் இருப்பதையும் அவை பதிவில் இருப்பதையும் உறுதி செய்யுங்கள்.

வாகனம்

ஏ-9 வீதியில் பயணம் செய்வோர் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு போவது வழக்கம். "இரண்டு நிமிடம்தானே" என்று திறப்பை விட்டுவிட்டு, கண்ணாடியைத் திறந்தபடி, முன் ஆசனத்தில் கைப்பையையும் வைத்துவிட்டு இறங்குவோரை அங்கே எந்த நாளிலும் காணலாம். வாகனத்தை விட்டு இறங்கும்போது கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு எப்போதும் ஒன்றே: இயந்திரத்தை நிறுத்துங்கள், திறப்பை எடுங்கள், கண்ணாடிகளை மூடுங்கள், பூட்டுங்கள், கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். கடைசிப் படி முக்கியமானது. தூரக் கட்டுப்பாட்டுத் திறப்பை அழுத்திவிட்டுத் திரும்பிப் பாராமல் நடப்பவர்கள், ஒரு கதவு சரியாகச் சாத்தப்படாமல் இருப்பதை அறியமாட்டார்கள். குழந்தை தூங்குகிறதென்று இயந்திரத்தை ஓடவிட்டுக் கடைக்குள் செல்வதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

வாகனத்துக்குள் எதுவும் தெரியக்கூடாது. பொருள் வைப்பதாக இருந்தால் புறப்படும் இடத்திலேயே பின்பெட்டியில் வையுங்கள். சேருமிடத்தில் எல்லோரும் பார்க்கப் பெட்டியைத் திறந்து வைப்பது, இங்கே பொருள் இருக்கிறது என்று அறிவிப்பதாகும். வரிப் பத்திரமும் காப்புறுதி அட்டையும் வாகனத்தில் இருக்க வேண்டியவை. ஆனால் வாகனப் பதிவுப் புத்தகத்தின் மூலப்பிரதி வாகனத்துக்குள் இருக்கவே கூடாது. வாகனமும் புத்தகமும் ஒன்றாகப் போனால் அதை விற்பவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

பிரியஸ், அக்குவா, வெசல் போன்ற ஹைபிரிட் கார்களை வைத்திருப்போர் சில விடயங்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இவை நிற்கும்போது சத்தமில்லாததால், நிறுத்தியதாக நினைத்து இறங்கிவிடுவது எளிது. திறப்பு வெளியே போனால் எச்சரிக்கை ஒலி எழுமே தவிர, பொதுவாக இயக்கம் தானாக நின்றுவிடாது. அந்த நிலையில் வேறொருவர் ஏறி ஓட்டிச் செல்லலாம். திறப்பை நுழைக்காமலே இயங்கும் கார்களில், திறப்பு வெளியிடும் சமிக்ஞையைக் கருவி மூலம் நீட்டித்துக் கதவைத் திறக்கும் முறை உலகின் பல நாடுகளில் அறியப்பட்டது. இரவில் அந்தத் திறப்பை வாசற்கதவுக்கு அருகில் தொங்கவிடாமல், வீட்டின் உட்பகுதியில் மூடியுள்ள உலோகப் பெட்டியில் வைத்து, பெட்டி உண்மையிலேயே சமிக்ஞையைத் தடுக்கிறதா என்று காரின் அருகில் கொண்டுபோய்ச் சோதித்துப் பாருங்கள். புகைபோக்கிக் குழாயோடு உள்ள வினையூக்கி மாற்றியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலைமதிப்புள்ள உலோகங்கள் இருப்பதால், ஹைபிரிட் கார்களிலிருந்து அதை வெட்டியெடுப்பதும் நடக்கிறது. நம்பகமான கராஜில் இரும்புக் கவசம் பொருத்துவியுங்கள். பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கக் கண்ணாடிகளில் வாகன இலக்கத்தைப் பொறிப்பது சிறிய செலவு. அதன் பிறகு அவற்றை யாரும் எளிதில் விற்க முடியாது.

பழைய கார், வான்களுக்கு ஸ்டியரிங்கில் போடும் இரும்புப் பூட்டு இன்றும் நல்ல பாதுகாப்பு. அது வெளியிலிருந்தே தெரிவதால், வருபவர் தொடங்குவதற்கு முன்பே விலகிவிட வாய்ப்புண்டு. ஜி.பி.எஸ். கருவி பொருத்துவதானால், காட்டுப் பகுதிகளில் தொலைபேசி வலையமைப்புக் கிடைக்காத இடங்கள் உண்டு என்பதை நினைவில் வைத்து, அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

வன்னியில் பெரும்பாலானோரின் வாகனம் மோட்டார் சைக்கிள்தான். கைபிடிப் பூட்டு ஒன்றை மட்டும் போடுவது போதாது. பலமாகத் திருப்பினால் அது உடைந்துவிடும். தடித்த சங்கிலியைப் பின்சில்லினூடாகவும் சட்டத்தினூடாகவும் எடுத்து, தூணிலோ மரத்திலோ சேர்த்துப் பூட்டுங்கள். சங்கிலி நிலத்தில் கிடக்கவிடாமல் இறுக்கமாக இருக்கட்டும். நிலத்தில் கிடக்கும் பூட்டைச் சுத்தியலால் அடித்து உடைப்பது எளிது. நம்பிக்கையான மெக்கானிக்கிடம் சொல்லி, உங்களுக்கு மட்டும் தெரிந்த இடத்தில் ஒரு மறைவான சுவிட்ச் போடுவிக்கலாம். பெற்றோல் ஓட்டத்தை அடைக்கும் திருகு உள்ள வண்டிகளில் இரவில் அதை மூடிவிடுங்கள். எடுத்துச் செல்பவருக்குச் சிறிது தூரத்திலேயே வண்டி நின்றுவிடும். ஓட்டோ வைத்திருப்போர் பற்றறிப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, முன்சில்லையும் சங்கிலியால் பிணைக்க வேண்டும்.

மூன்றாந்தரப்புக் காப்புறுதி உங்கள் வாகனம் களவு போனால் எதுவும் தராது. முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும், திறப்பை வண்டியிலேயே விட்டிருந்தால் நட்டஈடு கொடுக்கப்படுமா என்று முகவரிடம் கேட்டு, ஒப்பந்தத்தில் அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போது

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலின் வைகாசிப் பொங்கலுக்கும் ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்கும் ஊர் முழுவதும் போகும். செத்த வீட்டுக்கும் அப்படித்தான். எந்த வீடு எத்தனை மணிக்குப் பூட்டியிருக்கும் என்பதை அந்நாட்களில் யாரும் ஊகிக்கலாம். குடும்பத்தில் ஒருவராவது வீட்டில் நிற்க முடியாவிட்டால், அயலில் நிற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கூட்டத்தில் தங்கச் சங்கிலி அணிவதையும் தவிர்ப்பது நல்லது.

பல நாள் வெளியூர் போகும்போது, வீட்டில் ஆளில்லை என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது கூட்டாத முற்றம். உதிர்ந்த சருகும் விழுந்த தேங்காயும் அப்படியே கிடந்தால், தெருவில் போகிறவருக்கே தெரிந்துவிடும். நம்பகமான ஒருவருக்குக் கூலி கொடுத்தாவது முற்றத்தைக் கூட்டுவியுங்கள். பகலிலும் எரிந்துகொண்டிருக்கும் வெளிவிளக்கும் அதே செய்தியைத்தான் சொல்லும்; இருட்டும்போது தானாக எரிந்து விடியும்போது அணையும் மின்குமிழைப் போடுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் வருவதையும் நீங்கள் குடும்பத்தோடு கதிர்காமம் போவதையும் முகநூலில் அன்றன்றே படத்தோடு போடாமல், திரும்பி வந்த பின்னர் போடுங்கள்.

செய்யக்கூடாதவை

வேலிக்கோ படலைக்கோ மின்சாரம் பாய்ச்ச வேண்டாம். இது சட்டவிரோதமானது, அதில் சாகப்போவது பெரும்பாலும் பந்தெடுக்க வரும் பிள்ளையோ, மாட்டைத் தேடி வரும் அயலவரோதான். இரவில் சத்தம் கேட்டால் தனியே வெளியே ஓடாமல், உள்ளே விளக்குகளைப் போட்டு, அயலவருக்கும் 119க்கும் அழைப்பு எடுங்கள். ஒருவர் கையும் களவுமாகப் பிடிபட்டால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, அவரைத் தேவையற்ற தாமதமின்றிப் பொலிஸாரிடம் ஒப்படைக்க வேண்டும். மரத்தில் கட்டி அடிப்பது குற்றம். அடிபடுபவர் நிரபராதியாக இருந்துவிட்டால் அந்தப் பாவத்தை எவராலும் தீர்க்க முடியாது. பழைய இரும்பு வாங்க வருபவரையும் கூலிவேலை கேட்டு வருபவரையும், வறியவர் என்பதற்காகவே சந்தேகிப்பதும் நியாயமல்ல. படலைக்கு வெளியே வைத்துப் பேசுங்கள், மரியாதையோடு பேசுங்கள். அதிகாரி என்று சொல்லி உள்ளே வர விரும்புபவரிடம் அடையாள அட்டையைக் கேளுங்கள். உண்மையான அதிகாரி அதற்குக் கோபிக்கமாட்டார்.

திருட்டு நடந்துவிட்டால்

உள்ளே போய் அலுமாரியைக் கிளறிப் பார்க்க மனம் துடிக்கும். ஆனாலும் பொலிஸார் வரும்வரை எதையும் தொடாதீர்கள். கைரேகையும் காலடித் தடமும் அந்தக் கிளறலில் அழிந்துவிடும். வங்கி அட்டைகள் போயிருந்தால் உடனே வங்கிக்கு அழைத்து நிறுத்துவியுங்கள். தொலைபேசிகளின் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தை முன்கூட்டியே *#06# என்று அழுத்திப் பார்த்து எழுதி வைத்திருந்தால், முறைப்பாட்டில் அதைச் சேர்க்கலாம். வாகனமாக இருந்தால் பதிவு இலக்கம், எஞ்சின் இலக்கம், சேஸி இலக்கம், கீறல் நெளிவு போன்ற தனி அடையாளங்கள் ஆகியவற்றைக் கொடுங்கள்.

தமிழ் அரசகரும மொழி. வடமாகாணத்தில் நிர்வாக மொழியும் அதுவே. உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்பது உங்கள் உரிமை. வாசித்துப் பார்த்து, சொன்னது சொன்னபடி இருக்கிறதென்று உறுதி செய்த பின்னரே கையெழுத்திடுங்கள். முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். காப்புறுதிக்கும், தொலைந்த தேசிய அடையாள அட்டைக்குப் பதிலாகப் புதியது பெறுவதற்கும் அது தேவைப்படும்.

இழந்த பொருளுக்குப் பதிலாக இன்னொன்றைப் பழையதாக வாங்க நேர்ந்தால் அவசரப்பட வேண்டாம். திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின், சேஸி இலக்கங்களை வண்டியில் உள்ளவற்றோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். விற்பவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பெயர் மாற்றத்தை உடனே செய்யுங்கள். இலக்கம் இருக்கும் இடம் உராய்ந்தோ, அங்கே மட்டும் புது வர்ணம் பூசப்பட்டோ இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வண்டியை வாங்காதீர்கள்.